இடம்: தெற்குச் சுவர், வாளிக்குப் பக்கத்தில்

பாசி வருவது எனக்கு மூக்கில்தான் முதலில் தெரியும். கதவுச் சத்தம் பிறகுதான் கேட்கும். ஊறிப்போன சாக்கு, அழுகின இலை, நாலு நாள் காயாத சட்டை, இது மூன்றும் சேர்ந்த ஒரு நாற்றம். நான் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வேன். அவன் வாசலிலேயே நின்று, "வந்துட்டேன் அக்கா" என்பான். "தெரியுது, அங்கயே நில்லு" என்பேன். இருபத்து மூன்று வருஷம் எங்கள் குசல விசாரிப்பு இப்படித்தான் நடந்தது.

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். அதை ஒளிப்பானேன்? அடுத்தவர் வாய் வைத்த டம்ளர், சொதசொதவென்று கிடக்கும் கால்மிதி, சீப்பில் சுற்றிக்கிடக்கும் முடி, எதைப் பார்த்தாலும் வயிற்றைப் புரட்டும். இப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்ததோ செத்த செடிகளை அடுக்கிவைக்கிற காப்பகத்தில். இரும்பு பீரோக்கள் இருநூற்றுக்கு மேல். பீரோவைத் திறந்தால் பாச்சை உருண்டை நெடி மூளைக்குள் ஏறும். அந்த நெடிகூடப் பரவாயில்லை, அது சுத்தமான நெடி. டைரக்டர் தாள்களைப் புரட்டுவதைத்தான் என்னால் பார்க்க முடியாது. விரலை நாக்கில் வைத்து, எச்சில் தொட்டு, ஒவ்வொரு தாளாகப் புரட்டுவார். எல்லாத் தாளிலும் பூச்சி மருந்து அடித்திருக்கிறது என்று தெரிந்தும் புரட்டுவார். ஒன்றும் ஆகாது அவருக்கு. அந்த மருந்துக்குத்தான் ஏதாவது ஆகியிருக்கும்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காட்டிலிருந்து வரும் செடியைச் செய்தித்தாள்களுக்கு நடுவில் விரித்து, இரண்டு பலகைக்குள் வைத்து, வாரால் இறுக்கிக் கட்டுவோம். தினமும் தாள் மாற்ற வேண்டும். செடி காய்ந்து மொடமொடவென்று ஆனதும் கெட்டித் தாளில் ஒட்டி, வலது கீழ் மூலையில் ஒரு லேபிள் ஒட்டினால் முடிந்தது. நூறு வருஷம் அப்படியே கிடக்கும்.

லேபிள் எழுதுவது நான். என்ன செடி, பறித்தது யார், எந்தத் தேதி, எந்த இடம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் என் கையெழுத்தை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. அச்சு தோற்றுப்போகும், அப்படி இருக்கும். அதிலும் இடம் என்கிற வரிதான் எனக்கு உயிர். ஒருத்தர் என் லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் நேராக அந்தச் செடியின் காலடியில் போய் நிற்க வேண்டும். 'மலை, காடு' என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தாறு வருஷத்தில் இடம் இல்லாமல் ஒரு லேபிள் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை.

செடி பறித்துவருவது பாசி. பெயர் வேறு, அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பத்தொன்பது வயதில் எங்கள் ஜீப்பைக் கழுவுகிறவனாக வந்து சேர்ந்தான். அப்போது மலை ஏறிக்கொண்டிருந்தவர் கால் முறிந்து படுத்துவிட, யாராவது ஏறியே ஆக வேண்டிய நிலை. டைரக்டர் அடிவார விடுதியைத் தாண்ட மாட்டார், அங்கே உட்கார்ந்து மலையை ரசிப்பார். ஜீப் கழுவுகிறவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினான். சாயங்காலம் இறங்கிவந்தபோது முதுகு முழுக்கப் பச்சை. ஒரு பாறையின் உச்சியிலிருந்து அடிவரை சறுக்கியிருக்கிறான். கையில் மட்டும் செடி கசங்காமல் இருந்ததாம். அன்றைக்கு ஜீப் டிரைவர் வைத்த பெயர்தான் பாசி. பிறகு ஒருநாளும் அவனை ஜீப் கழுவ விடவில்லை.

அவன் மனைவி தையல் வேலை செய்கிறவள். வாடகை வீட்டு மாடியில் இரண்டு அறை. ஒன்றில் தையல் மிஷின், இன்னொன்றில் இவர்கள். காப்பகத்தின் முன்னால் ஈரத் தாள் காயப்போட்டால் வருகிறவர்கள் கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறதென்று டைரக்டர் உத்தரவு போட்டுவிட்டதால், பாசி கட்டுக் கட்டாகத் தாள்களை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போவான். ஒருமுறை ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனேன். கொடியில், ஜன்னல் கம்பியில், கட்டில் விளிம்பில், எங்கே பார்த்தாலும் செய்தித்தாள் தொங்குகிறது. குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது.

"எல்லார் வீட்டுலயும் பேப்பர் படிப்பாங்க அக்கா. எங்க வீட்டுல பேப்பரைக் காயப்போட்டு, திருப்பிப் போட்டு, மடிச்சு வைக்கணும்" என்றாள் அவள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வீட்டுல நல்லாக் காஞ்ச துணின்னு ஒண்ணை நான் பார்த்ததில்ல."

பாசி சிரித்தான். அவனைத் திட்டினால் சிரிப்பான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஒரு மழைக்காலத்தில் ஒன்பது நாள் மலையில் இருந்துவிட்டு வந்தான். வழக்கம்போல வாசலில் நின்றான். காலில் அட்டை கடித்த இடமெல்லாம் தடித்துச் சீழ் பிடித்திருந்தது. "சீ, டாக்டர்கிட்ட போடா முதல்ல" என்றேன். அவன் நகரவில்லை. ஒரு தகர டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தான்.

"மூக்கைப் பொத்திக்கிட்டாவது ஒரு நிமிஷம் பாருங்க அக்கா."

பொத்திக்கொண்டு பார்த்தேன். ஈரப் பாசிக்கு நடுவில் பிகோனியா, இரண்டு துண்டு. மலைக்காட்டு பிகோனியாவை நான் முன்பும் பார்த்திருக்கிறேன், முப்பது தாளாவது பீரோவில் இருக்கும். இலை ஒருபக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருக்கும், வெட்டத் தெரியாதவள் வெட்டின துணி மாதிரி. ஆனால் இது வேறு. இலைக்கு மேலே வெள்ளிப் பொடி தூவினாற்போல மினுமினுப்பு, அடியில் இரத்தச் சிவப்பு. ஒரு துண்டில் மட்டும் வெளிர் ரோஜா நிறத்தில் நாலைந்து பூ, மூன்று இறக்கை வைத்த பிஞ்சுக் காய் ஒன்று. பொத்திய கையை நான் எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

"எங்க கிடைச்சது?"

"ஒரே ஒரு பாறை அக்கா. நம்ம பீரோ ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி வெச்ச அளவுதான் இருக்கும். அதுல மட்டும்தான் இருக்கு. நாலு நாள் சுத்திப் பார்த்துட்டேன், வேற எங்கயும் இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தாகம் எடுத்தா இந்த ஜாதித் தண்டைக் கடிப்போம், புளிப்பா இருக்கும். இதைக் கடிக்க மனசு வரலை."

அன்றைக்கே இரண்டு துண்டையும் பலகையில் கட்டிவைத்துவிட்டு, காய்ச்சல் கண்டு படுத்துவிட்டான். பத்து நாள் வரவில்லை, தாள் மாற்றவும் யாரும் அதைத் தொடவில்லை. பதினோராம் நாள் டைரக்டர் அவசரப்பட்டதால் அவன் கட்டிவைத்த பலகையை நான் அவிழ்த்தேன்.

பிகோனியாவை அப்படியே பலகையில் வைக்கக் கூடாது. தண்டு முழுக்கத் தண்ணீர். கொதிக்கிற வெந்நீரில் ஒரு முக்கு முக்கிக் கொன்றுவிட்டுத்தான் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் பலகைக்குள்ளேயே உயிரோடு கிடக்கும், கணுக் கணுவாகக் கழன்று, அழுகிக் கூழாகும். இது நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் தெரியும். பூ இருந்த துண்டு நன்றாகக் காய்ந்து அழகாக இருந்தது. அடுத்த தாளைத் திறந்தேன். கறுப்புப் பூஞ்சை, வழவழவென்று பழுப்பு நீர். அதற்கு நடுவில் ஒரு இலைக் காம்பிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. புழு என்றுதான் நினைத்தேன். என் சுண்டுவிரல் அதில் பட்டுவிட்டது.

குழாயடிக்கு ஓடிப்போய் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பிவந்து, தாளோடு சுருட்டி, கவரில் திணித்துக் குப்பைக்கூடையில் எறிந்தேன். மறுநாள் பாசி வந்தான், கன்னம் ஒட்டிப்போய். நான் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். இத்தனை வருஷம் வேலை பார்த்தவன் வெந்நீரில் முக்காமல் வைப்பானா? என் விரல் என்ன பாவம் செய்தது?

"அதை மட்டும் முக்கலை அக்கா. தண்ணி கொதிச்சது, கை போகலை." பிறகு கேட்டான், "வேர் விட்டிருந்துச்சா?"

"வேரா? எனக்கு வாந்திதான் வந்துச்சு. குப்பையில போட்டுட்டேன்."

அவன் நேராகக் கொல்லைப்பக்கம் போனான். அங்கே குப்பைக் குழி இருக்கிறது, பெருக்குகிறவள் எல்லாக் கூடையையும் அதில்தான் கொட்டுவாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காய்ச்சல்காரன் முழங்கால் வரை குழிக்குள் இறங்கி, பழத்தோலையும் டீத்தூளையும் கையாலேயே விலக்கிக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

இதற்கப்புறம் வந்தது லேபிள். டைரக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இது யாரும் இதுவரை எழுதாத புதிய இனம் என்றார். எனக்குக் கை பரபரத்தது. பாசியின் காட்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். பறித்த இடத்திலேயே பென்சிலால் எழுதவேண்டிய நோட்டு அது. இடம் என்கிற கட்டத்தில் எழுதியிருந்தான்: 'மலை. ஈரமான பாறை.'

திருப்பி அனுப்பினேன். 'மலை, மேல்பகுதி, ஈரமான பாறை' என்று வந்தது. மறுபடி அனுப்பினேன். மூன்றாம் தடவை அவனே வந்து நின்றான்.

"பாறை எதுன்னு எழுத வேணாம் அக்கா."

"ஏன், உங்க மாமனார் வீட்டுப் பாறையா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. எழுதினா வந்துடுவாங்க."

"யாருடா வரப்போறா அந்த அட்டைக் காட்டுக்கு? நம்ம டைரக்டரே ஏற மாட்டேங்கறாரு. இடம் இல்லாத லேபிளை நான் எழுத மாட்டேன். நீ எழுதலைன்னா மெமோ வாங்குவே. மெமோவை உன் மனைவிகிட்ட நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்."

அவன் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து, குனிந்து, மெதுவாக எழுதிக் கொடுத்தான். நான் அதை மணிமணியாக லேபிளில் எழுதினேன். மூன்றாவது ஓடை தாண்டி நாற்பது அடி மேலே, இரட்டை அருவியில் சின்னது, அதன் பின்பக்கம், வடக்குப் பார்த்த பாறை, தரையிலிருந்து ஆள் உயரம். எழுதி முடித்து ஊதிக் காயவைத்தபோது, என் வாழ்நாளில் இதைவிட நல்ல லேபிள் எழுதியதில்லை என்று தோன்றியது. வெட்கக்கேடு, அதைப் பாசியிடம் காட்டி வேறு பெருமைப்பட்டேன்.

டைரக்டர் கட்டுரை எழுதினார். செடிக்கு, தன்னைப் பதவியில் மேலே தூக்கிவிட்ட ஒரு பெரிய மனிதரின் பெயரை வைத்தார். அந்த மனிதர் வாசல்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர். பாசியின் பெயர் கடைசிப் பக்கத்தில், ஜீப் டிரைவருக்கும் மின்விசிறி பழுது பார்த்தவருக்கும் நடுவில் நன்றியில் இருந்தது. கட்டுரையோடு தாளின் படத்தையும் போட்டிருந்தார்கள், லேபிள் உட்பட. என் கையெழுத்து உலகமெல்லாம் போய்விட்டதென்று நான் அன்றைக்கு எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து டைரக்டர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"பாருங்கம்மா, நம்ம செடி எங்கயோ ஒரு வீட்டுல வரவேற்பறை வரைக்கும் போயாச்சு."

படத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே வெள்ளிப்பொடி இலை, அடியில் சிவப்பு. யாரோ ஒரு ஆள் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு இளித்துக்கொண்டிருந்தான். கீழே பத்துப் பேர் எனக்கும் வேண்டும், எனக்கும் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். டைரக்டர் விரலை எச்சில் தொட்டுத் திரையைத் தள்ளினார். கண்ணாடித் திரையைக்கூட எச்சில் தொட்டுத்தான் தள்ளுவார். அடுத்த படத்திலும் குடுவை. அதற்கடுத்ததிலும்.  பாசி அப்போது மலையில் இருந்தான்.

மூன்றாம் நாள் வந்தான். நாற்றம் வந்தது, கதவு திறந்தது, "வந்துட்டேன் அக்கா" மட்டும் வரவில்லை. நேராக உள்ளே வந்து, சேறோடு, என் மேசைமேல் இரண்டு பொருளை வைத்தான். ஒன்று சுவரில் பழைய சுண்ணாம்பு சுரண்டுகிற பட்டைத் தகடு, பிடி உடைந்தது. இன்னொன்று ஒரு காகிதம். மழையில் நனையக் கூடாதென்று பிளாஸ்டிக் உறை போட்டு ஓரத்தை ஒட்டியிருந்தார்கள். சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தேன். மூன்றாவது ஓடை தாண்டி நாற்பது அடி மேலே. என் கையெழுத்து.

"பாறையில ஒண்ணும் இல்ல அக்கா. பாசிகூட இல்ல. வெள்ளையா இருக்கு."

அவ்வளவுதான் சொன்னான். ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், கொஞ்சம் தேறியிருப்பேன். அவன் மேசையில் சொட்டின சேற்றைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் போனான். எனக்கு அது அசிங்கமாகவே படவில்லை. அன்றைக்கு அருவருப்பாக இருந்தது என் கைதான். குழாயடியில் போய் நின்றேன், ஆனால் கழுவி என்ன ஆகப்போகிறது என்று திரும்பிவந்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வீட்டில் என் புருஷனைக் கேட்டால் சொல்வார். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தைப்பதற்குத் துணி எதுவும் இல்லாமல், பாசி வீட்டு மாடி ஏறினேன். அவன் இல்லை. மனைவி மிஷினை நிறுத்தாமல், "வாங்க அக்கா, உங்க தம்பி பண்ற கூத்தைப் பார்த்துட்டுப் போங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்று குளியலறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

மேல்தொட்டி வருஷக்கணக்காகக் கசிகிற குளியலறை அது. சுவர் முழுக்க ஓதம். இருட்டு, புழுக்கம், சோப்பு நாற்றம். நான் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். தெற்குச் சுவரில் வாளிக்குப் பக்கத்தில் ஓட்டைச் சாக்கை ஆணியடித்து, அதில் பாசியை அப்பியிருந்தான். பாசிக்குள்ளிருந்து கோணல் கோணலாக இலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. வெள்ளிப் பொடி, அடியில் சிவப்பு. எண்ணிப் பார்த்தேன். பெரிதும் சின்னதுமாகப் பதினாலு செடி.

"குப்பைக்குழியிலேர்ந்து ஒரு இலையை எடுத்துட்டு வந்தாரு. பூஞ்சைக் காளான் பிடிச்சு, த்தூ, கையில தொட முடியாது. அதைத் துண்டு துண்டா நறுக்கிச் சொருகினாரு" என்றாள் மனைவி. "ரெண்டு வருஷமா இங்க வெந்நீர் வெச்சுக் குளிக்க விடறதில்ல. ஆவி பட்டா செத்துடுமாம். மழைநாள்லகூடப் பச்சைத் தண்ணிதான். எங்க பொண்ணு சிநேகிதிகளைக் கூட்டிட்டே வர்றதில்ல, பாத்ரூம்ல காடு இருக்குன்னு கேலி பண்றாங்களாம்."

நான் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். புடவை நனைந்தது. என் வயசில் முதல் தடவையாக ஒரு அழுக்கு இடத்திலிருந்து எழுந்திருக்க மனசு வரவில்லை.

அடுத்த மழைக்கு அவன் பன்னிரண்டு செடியைப் பழைய தூக்குப்பாத்திரங்களில் வைத்து மலைக்குக் கொண்டுபோனான். பழைய பாறைக்கு இல்லை, அது தெரிந்துபோன பாறை. வேறு எங்கோ. இரண்டு செடியை வீட்டில் விட்டுவைத்தான். அதற்கடுத்த மழையிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வாசலில் நின்றான். நான் கைக்குட்டையை எடுக்காமல், "இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கு அக்கா. ரெண்டு பூத்திருக்கு."

ஜீப் டிரைவர் வாய் சும்மா இருக்குமா. தூக்குப்பாத்திரக் கதையை டைரக்டரிடம் ஒப்பித்துவிட்டார். டைரக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். டீ வேறு வரவழைத்தார், அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

"அழிஞ்சுபோச்சுன்னு நினைச்ச செடி. இப்ப உயிரோட இருக்குன்னா அது எவ்வளவு பெரிய சேதி. ரெண்டாவது கட்டுரை எழுதலாம். இந்த வாரத்துக்குள்ள ஒரு தாள் தயாராகணும், லேபிளோட. அம்மா, உங்களுக்குச் சொல்லணுமா என்ன? இடம் துல்லியமா இருக்கணும். ஓடை, பாறை, உயரம், எல்லாம்."

"போன தடவை அந்த இடத்துக்கு என்ன ஆச்சுன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"அதுக்கு நாம என்ன பண்றது? நம்ம வேலை பதிவு பண்றது. நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க."

சொல்லியிருக்கிறேன். வார்த்தைக்கு வார்த்தை என் வசனம்தான். அவர் வாயிலிருந்து கேட்டபோது, அவர் எச்சில் தொட்ட தாளை நான் நக்கினாற்போல இருந்தது.

மேசைக்கு வந்தோம். பாசி எதிரில் உட்கார்ந்து காட்டு நோட்டைத் திறந்தான். பென்சிலை எடுத்தான். 

"நீங்க சொன்னா எழுதறேன் அக்கா."

அத்தனை வருஷத்தில் பொய்யாக ஒரு லேபிள் எழுதியதில்லை நான். இடத்தைக் காலியாக விட்டதும் இல்லை. இரண்டும் என்னால் முடியாது. பீரோவில் இருக்கிற அத்தனை தாளும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அவன் பென்சில் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் வாயைத் திறந்தால் போதும், அது ஓடத் தொடங்கிவிடும்.

"வீட்டுல ரெண்டு செடி விட்டு வெச்சியே, இருக்கா?"

"இருக்கு."

"போய் ஒண்ணை எடுத்துட்டு வா. வெந்நீர்ல முக்கு. இந்தத் தடவை முக்கித்தான் ஆகணும்."

அவன் போய் எடுத்துவந்தான். வெந்நீரில் போட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான், நான்தான் இடுக்கியால் அழுத்திப் பிடித்தேன். நாள் போதாதென்று பலகையை அடுப்பருகில் வைத்துக் காயவைத்தோம். பிறகு நான் பேனாவை எடுத்தேன். என் கையெழுத்து அன்றைக்கும் மணிமணியாகத்தான் விழுந்தது.

இடம்: வாடகை வீடு, முதல் மாடி, குளியலறை. தெற்குச் சுவர், வாளிக்குப் பக்கத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரம். கசியும் மேல்தொட்டி. சாக்கும் பாசியும்.

டைரக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"என்ன அசிங்கம் இது? குளியலறையா?"

"செடி பறிச்ச இடம் சார். துல்லியமா இருக்கு. சந்தேகமா இருந்தா நீங்களே போய்ப் பார்க்கலாம், வெறும் ஒரு மாடிதான் ஏறணும்."

பாசியைப் பார்த்து, மலையில் வைத்த செடி எங்கே என்று கத்தினார். பாசி, மழையில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது சார் என்றான். அவன் அவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்வான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு மெமோ வந்தது, இரண்டு பக்கம், எழுத்துப் பிழையோடு. பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினேன். குளியலறையை வைத்துக் கட்டுரை எழுத முடியாது என்பதால் தாள் பீரோவுக்குப் போனது. இன்னமும் அங்கேதான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு ஐந்து மழைக்காலம் போனது. ஒவ்வொரு தடவையும் வாசலில் நிற்பான், "இருக்கா?" என்பேன், "இருக்கு" என்பான். அதற்குமேல் அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு டைரக்டர் மாலை போட்டு, என் கையெழுத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எல்லாரும் கேக் சாப்பிட்டுவிட்டுக் கலைந்த பிறகு பாசி வந்தான். குளித்து, காய்ந்த சட்டை போட்டிருந்தான். எப்படித்தான் அந்த வீட்டில் காயவைத்தானோ. நாற்றம் இல்லாமல் அவன் வந்தது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கையில் காட்டு நோட்டு மட்டும் இருந்தது.

"உங்களுக்குக் குடுக்க என்கிட்ட வேற என்ன இருக்கு அக்கா. அந்தப் பாறை எங்க இருக்குன்னு உங்ககிட்ட மட்டும் சொல்லிடறேன். எழுத வேணாம், மனசுல வெச்சுக்குங்க. எனக்கும் வயசாகுது. நாளைக்கு நான் இல்லைன்னா யாருக்கும் தெரியாமப் போயிடும்."

அவன் வாயைத் திறப்பதற்குள் நான் கையை நீட்டித் தடுத்தேன். மேசையில் என் பேனா இருந்தது, பக்கத்தில் வெள்ளை லேபிள் கட்டு ஒன்று பிரிக்காமல் இருந்தது. கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே குமட்டிக்கொண்டு வருகிறது.

"சொல்லாதே பாசி. தெரிஞ்சா எழுதிடுவேன்."

 அவன் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, என் பையைத் தூக்கிக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்துவந்தான்.